இணைப்பு நாற்பத்தேழு

கோத்தகிரியிலிருந்து கெங்கரை போகும் வழியில்
எங்கள் தொழிற்சாலை.
தகரக் கூரையில் மழை இறங்கினால்
தொலைபேசியில் கடவுளே பேசினாலும் கேட்காது.
அப்படி ஒரு மழையில்தான் டெல்லியிலிருந்து அழைத்தார்கள்.
"பதிவேட்டில் மாசி என்றிருக்கிறதே,
மாதமா, ஆளா?"
ஆள்தான் சார்.
உறுப்பினர் எண் அறுநூற்றுப் பன்னிரண்டு.
முப்பத்தெட்டு சென்ட் தோட்டம்.
மார்ச் ஒன்பதாம் தேதி பதினான்கு கிலோ பச்சை இலை போட்டவர்.

அந்தப் பதினான்கு கிலோ
வாடி, நசுங்கி, புளித்து, உலர்ந்து
மூன்று கிலோ சொச்சமாகி
ஊரார் இலையோடு சேர்ந்து கொச்சியில் கப்பலேறி
வழக்கு நடப்பதால் நான் பெயர் சொல்லக்கூடாத
ஒரு துறைமுகத்தில் நின்றுவிட்டது.
பூச்சிமருந்து எச்சம்.
முந்தின மாதம்வரை செல்லுபடியான அளவுதான்.
புள்ளிக்கும் ஒன்றுக்கும் நடுவே
புதிதாக ஒரு சுழியைச் சொருகியிருந்தார்கள்.
அந்தச் சுழியில் முழுகியது எங்கள் பெட்டகம்.

அரசும் அரசும் பேசிக்கொள்ளும் என்றார்கள்.
முதலில் கலந்தாலோசனை, அறுபது நாள்.
அதற்குள் நாங்கள் நான்கு முறை கொழுந்து கிள்ளினோம்.
அவர்கள் ஒருமுறை சந்தித்தார்கள்.
பிறகு நடுவர் குழு கேட்டோம்.
முதல் கூட்டத்தில் எதிர்த்தரப்பு வேண்டாம் எனலாம்,
அடுத்த கூட்டத்தில் எனக்கூடாது.
முரண்டு பிடிக்க ஒரு தவணை
விதியிலேயே எழுதிவைத்திருக்கிறது.
மூன்றாம் தரப்பாக ஒன்பது நாடுகள் வந்து அமர்ந்தன,
இரண்டில் தேயிலையே முளைக்காது.
நடுவர் மூவர், இரு நாட்டுக்கும் அந்நியர்.
ஒருவருக்குத் தேநீரே ஆகாதென்று
குன்னூர் ஏல மையத்தில் ஒரு பேச்சு.

எங்கள் பதிவேட்டின் நகல்
இணைப்பு நாற்பத்தேழு ஆயிற்று.
என் கையெழுத்து ஏரிக்கரை நகரம் ஒன்றுக்குப் போனது,
நான் மேட்டுப்பாளையம் தாண்டி ஆறு வருடம்.

கேள்வி எண்பத்தொன்று:
உறுப்பினர் 612 மருந்து தெளித்தாரா?
ஆம். இல்லை. இரண்டே கட்டம்.
மாசி கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தார்.
"நான் தெளிக்கல.
மேல்தோட்டம் ஹாலனோடது.
தண்ணி எந்தப் பக்கம் ஓடும்னு
அவங்களுக்குத் தெரியாதா?"
'இல்லை'யில் குறியிட்டு
ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதினேன்:
சரிவு.

பதினெட்டு மாதம் கழித்து அறிக்கை.
நூற்று அறுபதாம் பக்கத்தில் எங்களுக்கு ஒரு வரி:
'அக்காலத்தில் விலைச் சரிவு ஏற்பட்டதாக
உறுப்பினர் குறிப்பிடுகிறார்;
இக்கேள்விக்கு அது பொருந்தாது.'
மற்றபடி
வென்றிருந்தோம்.
தொழிற்சாலையில் லட்டு கொடுத்தோம், ஆளுக்கு ஒன்று,
ஓட்டுநருக்கு இரண்டு.

அவர்கள் மேல்முறையீடு செய்தார்கள்.
மேல்மன்றத்தில் நாற்காலிகள் உண்டு, ஆட்கள் இல்லை.
யாரை உட்காரவைப்பதென்று நாடுகளுக்குள் ஒத்துவரவில்லையாம்.
ஆளில்லாத வீட்டின் கதவில்
மனுவைச் செருகிவிட்டு வந்தால் போதும்,
தோற்றவன் தோற்கமாட்டான்.
நான் இதை மூன்று முறை கேட்டுப் புரிந்துகொண்டேன்.
மாசிக்குச் சொன்னபோது ஒரே முறையில் புரிந்தது.
"எங்க தாலுகா ஆபீஸ் மாதிரி," என்றார்.

போன மாதம் ஒரு பக்கக் கடிதம்.
இருதரப்பும் ஒத்துக்கொண்ட தீர்வு.
சுழி அங்கேயே இருக்கும்.
பதிலுக்கு நம் நாட்டு டயருக்கு அவர்கள் வரி குறைப்பார்கள்.
வழக்கு முடிந்தது.

அரக்கு முத்திரையோடு மாதிரிப் பொட்டலம் ஒன்று
இன்னும் என் இரும்பு அலமாரியில்.
அழிக்கலாமா என்று எழுதிக் கேட்டிருக்கிறேன்.

"டயரா?" என்றார் மாசி.
இலை ஏற்றும் வண்டியின் பின்சக்கரத்தைப் பார்த்தார்,
வழுக்கையாக இருந்தது.
சாக்கைத் தராசில் வைத்தார். பன்னிரண்டு.
மழை ஈரத்துக்கு ஒன்று கழித்து
பதினொன்று என்று எழுதினேன்.
முள்ளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
காலிச் சாக்கை உதறி மடித்துக்கொண்டு
இறங்கிப் போனார்.